கடல் உள்வாங்கிவிட்டதே என்கிறார் மாமனார்

வாசகி கேட்டது:

மடிப்பாக்கத்தில் வசிக்கிறேன். தனியார் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. என் மாமனார் மின்வாரியத்தில் இருந்தவர், எண்ணூர் அனல் மின் நிலையத்தில் பாய்லர் பிரிவில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றார். எட்டாவது படிக்கும் என் மகனுக்குக் காலநிலை மாற்றம் பற்றிப் பேச்சுப் போட்டி. நான் எழுதிக் கொடுத்ததை அவன் ஹாலில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மாமா குறுக்கிட்டார். "எல்லாம் வெள்ளைக்காரன் கட்டிவிட்ட கதைடா. கடல் ஏறுதுன்னா மெரினாவுல மணல் எப்படி இவ்வளவு அகலமாச்சு? பழைய படத்துல கடல் ரோட்டை ஒட்டி இருக்கே. 2015 வெள்ளம் ஏரியைத் திறந்துவிட்டதால வந்தது. 45 டிகிரி அடிச்சது 2003ல, அப்புறம் ஏன் அடிக்கல? இமயமலைப் பனி 2035ல காலியாயிடும்னு சொல்லிட்டு, தப்புன்னு வாபஸ் வாங்கினாங்களே? பத்து பேர் ஹோட்டல்ல மூக்கு முட்டத் தின்னுட்டு, கடைசியா வந்து ஒரு காபி குடிச்சவன்கிட்ட பில்லை நீட்டுறானுங்க." வார்த்தை தடித்து, "நீங்க எரிச்ச கரியாலதான் மாமா இதெல்லாம்" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போய்விடுகிறார். கணவர் இரண்டு பக்கமும் தலையாட்டுகிறார். நூற்றுக்கு நூறு நிரூபிக்க ஏதாவது இருக்கிறதா? அவரை எப்படி ஒப்புக்கொள்ள வைப்பது? கூடவே இன்னொன்று: எங்கள் குடியிருப்பில் சோலார் போடும் யோசனையையும் அவர்தான் எதிர்க்கிறார்.

பதில் (காலநிலைத் தரவு ஆய்வாளர்):

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மாமனார் அடுக்கிய தகவல்களில் பொய் எதுவும் இல்லை. மெரினா அகலமானது நிஜம். ஏரி திறந்ததும், 2003இன் 45 டிகிரியும், இமயமலை விஷயத்தில் வாபஸ் வாங்கியதும் நிஜம். இதை முதலில் உங்கள் மகன் முன்னிலையில் ஒப்புக்கொள்ளுங்கள். அவர் சறுக்கியது தகவலிலிருந்து முடிவுக்குத் தாவிய இடத்தில். அந்த இடத்தைக் காட்டினால் போதும், தகவலோடு மல்லுக்கட்டாதீர்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மெரினாவிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் சென்னையில் இந்த வாதத்தைச் சொல்லாத ஆள் இல்லை. நம் கடற்கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவமழை மாதங்களில் அலைகள் கரையைச் சாய்வாகத் தாக்கி மணலை வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். வருடக் கணக்கு பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். 1876இல் சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்களைக் கட்டத் தொடங்கினார்கள். வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் அந்தச் சுவரில் முட்டி அதன் தெற்கே சேர ஆரம்பித்தது. சேர்ந்த மணல்தான் மெரினா. 1884இல் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே உலாவும் சாலை போட்டு, மெரினா என்று பெயர் வைத்தார். அதன் பிறகும் மணல் சேர்ந்துகொண்டே இருந்தது. பழைய படத்தில் சாலையை ஒட்டி இருக்கும் கடல் இன்று அவ்வளவு தூரத்தில் இருப்பதற்குக் காரணம் இதுதான். கடல் உள்வாங்கவில்லை, நாம் கட்டிய சுவர் மணலைப் பிடித்து வைத்துக்கொண்டது.

தெற்கே சேர்ந்த மணல் வடக்கே போய்ச் சேரவில்லை அல்லவா? அதன் பலனை ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் மக்கள் தலைமுறை தலைமுறையாக அனுபவிக்கிறார்கள். கரை அரித்து அரித்து, வீடுகள் போய், சாலைக்கு அணைப்பாகப் பாறைகளைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். எண்ணூருக்கு வருடக்கணக்கில் வேலைக்குப் போய்வந்தவர் உங்கள் மாமனார். அந்தச் சாலையில் போகும்போது வலப்பக்கம் கிடந்த கற்குவியல்களைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. அவரிடமே கேளுங்கள்: மெரினாவில் கடல் பின்வாங்கியது என்றால் காசிமேட்டில் ஏன் முன்னேறியது? ஒரே ஊர், ஒரே கடல், நடுவில் ஒரு துறைமுகம்.

இதில் உங்களுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. வடசென்னைக் கடலரிப்பைக் காட்டி "பாருங்கள், கடல் மட்ட உயர்வு" என்று பேச்சுப் போட்டிகளில் பிள்ளைகள் முழங்குகிறார்கள். அதுவும் மெரினா வாதத்தின் மறுபக்கம்தான். அங்கே பிரதான குற்றவாளி துறைமுகச் சுவர். உலகக் கடல் மட்டம் 1901இலிருந்து 2018 வரை சராசரியாக சுமார் 20 செ.மீ., அதாவது ஒரு சாண் உயர்ந்திருக்கிறது. முன்பு வருடத்துக்கு ஒன்றேகால் மில்லிமீட்டர் அளவில் ஏறியது, 2006க்குப் பிறகு மூன்றரை மில்லிமீட்டருக்கு மேல் ஏறுகிறது. ஒரு சாண் உயர்வு, ஒன்றரை நூற்றாண்டு மணல் வரத்துக்கு முன்னால் மெரினாவில் கண்ணுக்குத் தெரியாது. அலையளவிக் கருவிகளிலும் செயற்கைக்கோளிலும் தெரியும்.

அடுத்தது 2015. இந்த விஷயத்தில் உங்களைவிட உங்கள் மாமனார்தான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறார் என்று நினைக்கிறேன். டிசம்பர் 1 தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் சுமார் 49 செ.மீ. மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். புறநகர் ஏரிகளின் உபரியும் அதே நேரத்தில் அடையாற்றில் வந்து சேர்ந்தது. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட, அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜியின் அறிக்கை இதை மனிதர்கள் வரவழைத்த பேரிடர் என்றே எழுதியது. உங்கள் மடிப்பாக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. பக்கத்தில் இருக்கும் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் ஒரு காலத்தில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்தது. இப்போது மிஞ்சியிருப்பது அதில் ஒரு சிறு பகுதி. தண்ணீர் தேங்கிய இடத்தில் நாம் வீடு கட்டினோம், தண்ணீர் தன் பழைய விலாசத்துக்கே வருகிறது.

அந்த மழைக்கும் காலநிலை மாற்றத்துக்கும் தொடர்பு உண்டா என்று விஞ்ஞானிகள் உடனே ஆராய்ந்தார்கள். டெல்லி ஐஐடியின் கிருஷ்ண அச்சுதராவும், தீவிர வானிலை நிகழ்வுகளுக்குக் காரணம் கண்டறிவதையே துறையாக வளர்த்த கீர்ட் யான் வான் ஓல்டன்பர்க், ஃபிரடெரிக்க ஓட்டோ ஆகியோரும் அந்தக் குழுவில் இருந்தார்கள். அவர்கள் கண்ட முடிவு: அந்த ஒரு நாள் மழையில் மனிதர்கள் ஏற்படுத்திய வெப்பமயமாதலின் தடம் தெளிவாகத் தெரியவில்லை. நம் கரையை ஒட்டிய வங்கக்கடல் பகுதி அதற்கு முந்தைய சில பத்தாண்டுகளில் பெரிதாகச் சூடாகவில்லை, காற்றில் மிதக்கும் தூசும் புகையும் வெயிலைத் தடுத்திருக்கலாம் என்று சொன்னார்கள். இதைக் கேட்டால் உங்கள் மாமனார் துள்ளிக் குதிப்பார். குதிக்கட்டும். பிறகு அடுத்த பாதியைச் சொல்லுங்கள். 2022 மார்ச், ஏப்ரலில் வட இந்தியாவையும் பாகிஸ்தானையும் வாட்டிய வெப்ப அலையையும் இதே துறைக்காரர்கள் இதே முறையில் ஆராய்ந்தார்கள். அப்படி ஒன்று வருவதற்கான வாய்ப்பு வெப்பமயமாதலால் சுமார் 30 மடங்கு கூடியிருக்கிறது என்றார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பழியைச் சுமத்துவதுதான் இவர்கள் வேலை என்றால், உலகமே பார்த்துக்கொண்டிருந்த சென்னை வெள்ளத்தில் 'இல்லை' என்று சொல்லியிருக்க மாட்டார்கள். 'இல்லை' என்று சொல்லத் தெரிந்தவர் 'ஆம்' என்றால் அதற்கு எடை கூடுதல்.

45 டிகிரி விஷயத்தில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் அது பதிவானது. சென்னையில் ஒரு கோடை நாளின் உச்ச வெப்பத்தைப் பெரும்பாலும் கடல் காற்று முடிவு செய்கிறது. பதினோரு மணிக்கே வந்துவிட்டால் தப்பித்தோம், மூன்று மணி வரை வராவிட்டால் வெந்தோம். ஒரு நாள் சாதனையை வைத்து நூறு வருடப் போக்கைப் படிக்க முடியாது. போக்கு வேண்டுமென்றால் மத்திய புவி அறிவியல் அமைச்சகம் 2020இல் வெளியிட்ட மதிப்பீடு இருக்கிறது. 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பநிலை சுமார் 0.7 டிகிரி உயர்ந்திருக்கிறது என்கிறது அது. புனேயில் உள்ள நம் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் தலைமையில் நம் ஆட்களே எழுதியது. வெள்ளைக்காரன் கட்டிவிட்ட கதை என்பதற்கு இது ஒன்றே பதில்.

இமயமலைக் கதையை உங்கள் மகனுக்கு முழுசாகச் சொல்லிக் கொடுங்கள். பாடப்புத்தகத்தில் வராத ருசி அதில் இருக்கிறது. காலநிலை ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் ஐ.நா. குழுவுக்கு ஐபிசிசி என்று பெயர். 2007இல் அதன் அறிக்கையின் ஒரு பகுதியில், இமயப் பனிப்பாறைகள் 2035க்குள் மறைந்துவிடக்கூடும் என்று சரிபார்க்காமல் ஒரு வரி ஏறிவிட்டது. 2009இல், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் மூத்த பதவி வகித்த வி.கே. ரைனா எழுதிய ஆய்வுரையை அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் வெளியிட்டார். பனிப்பாறைகள் அப்படியொன்றும் அசாதாரண வேகத்தில் உருகவில்லை என்றது அந்த ஆய்வுரை. ஐபிசிசியின் தலைவராக இருந்தவரும் இந்தியர்தான், ராஜேந்திர பச்சௌரி. அவர் அதை மாந்திரீக விஞ்ஞானம் என்று ஏளனம் செய்தார். 2010 ஜனவரியில் 2035 என்ற வரி தவறு என்று ஐபிசிசி வருத்தம் தெரிவித்தது. ஏளனம் செய்தவர் வாயடைத்துப் போனது பலருக்குச் சந்தோஷம், எனக்கும்தான். ஆனால் அதோடு கதை முடியவில்லை. பழைய உளவு செயற்கைக்கோள் படங்களைப் புதிய படங்களோடு ஒப்பிட்டு 2019இல் வந்த ஆய்வு, 2000க்குப் பிறகு இமயப் பனி இழப்பின் வேகம் அதற்கு முந்தைய கால் நூற்றாண்டைப் போல இரண்டு மடங்கு என்று காட்டியது. தேதி தவறு, திசை சரி.

நூற்றுக்கு நூறு நிரூபணம் கேட்டீர்கள். பூமி சூடாகிறது, அதற்கு மனிதர்கள்தான் காரணம் என்பதில் ஐபிசிசி 2021இல் ஐயத்துக்கு இடமில்லை என்று எழுதிவிட்டது. எவ்வளவு சூடாகும் என்பதில் அப்படி எழுதவில்லை. காற்றில் கரியமில வாயு இரண்டு மடங்கானால் பூமி இரண்டரை முதல் நான்கு டிகிரி வரை சூடேறலாம் என்கிறார்கள். இரண்டரைக்கும் நாலுக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். விஞ்ஞானிகள் நிஜமாகவே சண்டை போடுவது அங்கேதான். டிவி விவாதத்தில் நடப்பது வேறு வகை.

மனிதர்தான் காரணம் என்று எப்படித் தெரியும்? இதை மாமனாரிடம் பாய்லர் பாஷையில் பேசுங்கள். புகைபோக்கிக்குப் போகும் வாயுவில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம், கரியமில வாயு எவ்வளவு என்று பார்த்துத்தான் கரி சரியாக எரிகிறதா என்று அவர்கள் தெரிந்துகொள்வார்கள். உலகக் காற்றுக்கும் அதே பரிசோதனையைச் செய்துகொண்டிருக்கிறார்கள். தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. 1990 வாக்கில் ரால்ஃப் கீலிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஆக்சிஜனையும் துல்லியமாக அளக்க ஆரம்பித்தார். அது குறைந்துகொண்டே வருகிறது. மூச்சு முட்டும் அளவுக்கெல்லாம் இல்லை, பயப்பட வேண்டாம். ஆனால் எங்கோ ஏதோ எரிகிறது என்று காட்டும் அளவுக்கு. எரிமலை கக்கினால் கரியமில வாயு கூடும், ஆக்சிஜன் இப்படிக் குறையாது. எரிவது காடா, கரியா? அதற்கும் அடையாளம் உண்டு. உயிருள்ள மரத்தில் கதிரியக்கக் கார்பன் கொஞ்சம் இருக்கும். கோடிக்கணக்கான வருடம் மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியில் அது முழுக்கச் செத்துப் போயிருக்கும். காற்றில் சேர்ந்துகொண்டே இருப்பது அந்தக் கிழட்டுக் கார்பன். சூரியன்தான் காரணம் என்று அவர் அடுத்து ஆரம்பித்தால், வெயில் கூடியிருந்தால் வளிமண்டலம் மேலிருந்து கீழ்வரை சூடாகியிருக்க வேண்டுமே என்று கேளுங்கள். கீழே சூடாக, இருபது கிலோமீட்டருக்கு மேலே குளிர்ந்துகொண்டு வருகிறது. இப்படி ஆகும் என்று 1967லேயே கணக்குப் போட்டவர்களில் ஒருவரான சியுகுரோ மனாபேவுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது காபி குடித்தவரிடம் வருவோம். உங்கள் கடிதத்திலேயே ஆகச் சிறந்த வரி அதுதான். அது வெறும் எரிச்சல் என்று நீங்கள் ஒதுக்கிவிட்டீர்கள், என் கணிப்பில் சண்டை முற்றியது அங்கேதான். 1850இலிருந்து உலகம் கக்கிய கரியமில வாயுவில் ஏறத்தாழ கால் பங்கு அமெரிக்காவுடையது, இந்தியாவுடையது மூன்று சதவீதம் போல. இன்றைக்கும் ஒரு இந்தியரின் கணக்கில் வருடத்துக்கு இரண்டு டன், ஒரு அமெரிக்கரின் கணக்கில் பதினான்கு டன் அளவு. 1991லேயே டெல்லி அறிவியல் சுற்றுச்சூழல் மையத்தின் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் இந்தச் சண்டையைத் தொடங்கிவிட்டார்கள். அமெரிக்க நிறுவனம் ஒன்று வளரும் நாடுகளையும் சரிக்குச் சரியாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியபோது, வயிற்றுக்காக நெல் பயிரிடுபவனின் வயலிலிருந்து வரும் மீத்தேனையும் சொகுசுக் காரின் புகையையும் ஒரே தட்டில் வைப்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்டார்கள். 1992இல் ரியோவில் உலக நாடுகள் ஏற்ற காலநிலை உடன்படிக்கையில் 'பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்பு' என்ற கொள்கை இடம்பெற்றதில் இந்த மாதிரிக் குரல்களுக்குப் பங்கு உண்டு. அதன் பிறகும் அமெரிக்கா பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து 2020இல் வெளியேறி, 2021இல் திரும்பி, 2025இல் மறுபடி வெளியேறுவதாக அறிவித்தது. 2024இல் அஜர்பைஜான் தலைநகர் பாக்குவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் வளரும் நாடுகள் வருடத்துக்கு 1.3 லட்சம் கோடி டாலர் கேட்டன. 2035 வாக்கில் 30,000 கோடி என்று சுத்தியலைத் தட்டி முடித்தார்கள். இந்தியப் பிரதிநிதி அங்கேயே எழுந்து எதிர்த்தார்.

ஆக, உங்கள் மாமனாரின் கோபத்துக்கு இந்திய அரசின் ஆதரவே இருக்கிறது. ஆனால் கவனியுங்கள். பில்லை யார் கட்டுவது என்று சண்டை போடுகிறவர், சாப்பாடு நடந்ததை ஏற்கனவே ஒப்புக்கொண்டவர். காலநிலை மாற்றம் கட்டுக்கதை என்றால் வெள்ளைக்காரன் நமக்கு ஒரு பைசா தர வேண்டியதில்லை. தர வேண்டும் என்றால் கதை நிஜம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடியாது. இதை நீங்கள் சொன்னால் மருமகள் மடக்கிவிட்டாள் என்று இருக்கும். பேரன் கேள்வியாகக் கேட்டால் தாத்தா யோசிப்பார்: "அப்போ அவங்க நமக்குக் கடன்பட்டிருக்காங்களா தாத்தா?"

எவ்வளவு வேகமாக நிலக்கரியை விடுவது, அணுமின் நிலையம் வேண்டுமா, வெளியிடும் கரியமில வாயுவையும் உறிஞ்சப்படுவதையும் சமமாக்கும் நெட் ஜீரோவை இந்தியா சொல்லும் 2070க்கு வைப்பதா, சென்னை மாநகராட்சியின் செயல்திட்டம் சொல்லும் 2050க்கு வைப்பதா, எண்ணூரில் இன்னும் எத்தனை தொழிற்சாலை தாங்கும் என்பதெல்லாம் அரசியல் கேள்விகள். இவற்றுக்குத் தெர்மாமீட்டரில் விடை இல்லை. இங்கே உங்கள் மாமனாரும் நீங்களும் காலம் முழுக்க முரண்படலாம், யாரும் அறிவியலுக்கு விரோதி ஆகிவிட மாட்டீர்கள். நீங்கள் எழுதிக் கொடுத்த உரையில் இந்தப் பகுதியை எப்படிக் கையாண்டிருக்கிறீர்கள் என்று ஒருமுறை பாருங்கள். "நிலக்கரியை உடனே நிறுத்து" என்று ஒரு வரி இருந்தால், அது அறிவியல் சொன்னதில்லை, நீங்கள் சொன்னது. சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, அறிவியலின் பெயரில் சொல்லாமல் இருந்தால் சரி.

"நீங்க எரிச்ச கரியாலதான்" என்ற வார்த்தைக்கு மன்னிப்புக் கேளுங்கள். 1970இலிருந்து 2017 வரை ஓடிய நிலையம் அது. இந்த ஊரின் மருத்துவமனைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் அதன் மின்சாரத்தில் விளக்கெரிந்தது. அனல், சாம்பல், நைட் ஷிப்ட் என்று உழைத்தவரிடம் அந்த உழைப்பே குற்றம் என்பது போலச் சொன்னால், அவர் வெப்பமானியைப் பற்றி என்ன பேசுவார்? ஒப்புக்கொள்ள வைக்கும் முயற்சியை இப்போதைக்கு விடுங்கள். பேச்சுப் போட்டிக்கு ஆக்சிஜன் பரிசோதனைப் பகுதியைத் தாத்தாவிடம் கேட்டு எழுதச் சொல்லி மகனை அனுப்புங்கள். மெரினா, காசிமேடு கதையையும் சேர்த்துக்கொண்டால் நடுவர்கள் இதற்கு முன் கேட்டிராத பேச்சாக இருக்கும்.

சோலார் விஷயம். அவர் எதிர்ப்பதற்குக் காரணத்தை நீங்கள் எழுதவில்லை. மின்வாரியக்காரர்கள் வழக்கமாகச் சொல்வது, சாயங்காலம் விளக்குப் போடும் நேரத்தில் சோலார் கைவிட்டுவிடும் என்பது. அது சரியான கவலைதான். அதனால் உலகைக் காப்பாற்றும் பேச்சை விட்டுவிட்டு, குடியிருப்பின் பொது இணைப்புக் கட்டண ரசீதை அவர் கையில் கொடுங்கள். லிஃப்ட், தண்ணீர் மோட்டார், நடைபாதை விளக்கு எல்லாம் ஓடும் அந்த இணைப்புக்கு யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல் கட்டுகிறீர்கள். கட்டடத்தின் அளவைப் பொறுத்துச் சில குடியிருப்புகளுக்குச் சலுகை உண்டு, உங்களுடையது அதில் வருகிறதா என்று ரசீதிலேயே தெரியும். சென்னையில் ஒரு கிலோவாட் சோலார் நாளைக்கு நாலு யூனிட் அளவு தரும். குடியிருப்புச் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குப் பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் இருக்கிறது. மோட்டாரைப் பகலில் ஓட்டினால் எத்தனை வருடத்தில் போட்ட பணம் திரும்பும், பேனல் எத்தனை கிலோவாட் போதும், மொட்டை மாடியில் நிழல் எங்கே விழுகிறது என்ற கணக்கைப் போட உங்கள் குடியிருப்பில் அவரைவிடத் தகுதியான ஆள் கிடைப்பாரா? கட்டுப்படியாகாது என்று கணக்கோடு வந்து சொன்னால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.